பெக்கப் சேர்வர் சிதைந்து மீண்ட அனுபவம்: எக்ஸ்ட்4 இலிருந்து இசட்எஃப்எஸ் வரை

மட்டக்களப்பு நகரிலுள்ள எமது அச்சகத்தின் மூலக் கோப்புகள் அனைத்தும் பல ஆண்டுகளாக லினக்ஸ் பெக்கப் சேர்வர் ஒன்றிலேயே சேமிக்கப்பட்டு வருகின்றன. அவற்றுள் முப்பத்தோராம் நாள் நினைவு மலர்களுக்காக ஸ்கான் செய்யப்பட்ட படங்களை நான் எல்லாவற்றிலும் பெறுமதியானவையாகக் கருதுகிறேன். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் வீட்டோடு அல்பங்களையும் இழந்த கல்லடி, நாவலடிக் குடும்பங்கள் தம்மவரின் முகத்தைத் தேடி இன்றும் எம்மிடம் வருவதுண்டு.

சேர்வர் முதலில் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் (தட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் முறை) இயங்கியது. ஒவ்வோர் இரவும் ஆர்சிங்க் மென்பொருள் திகதியிட்ட கோப்புறை ஒன்றை உருவாக்கும். மாறாத கோப்புகளுக்குப் புதிய பிரதி எடுக்காமல் ஹார்ட் லிங்க் (அதே தரவைக் காட்டும் இன்னொரு பெயர்) மட்டும் இடும். இடம் மிச்சமாகும், தேடுவதும் எளிது. வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் அடுத்தடுத்து மின்சாரம் தடைப்பட்ட ஓரிரவு, யுபிஎஸ் மின்கலமும் ஓய்ந்துபோக, எழுதிக்கொண்டிருந்த வன்தட்டு பாதியில் நின்றது. மறுநாள் அது மவுன்ட் ஆகவில்லை, அதாவது திறக்கவே முடியவில்லை. கோப்பு முறைமையின் அடிப்படை விவரங்களைக் கொண்ட சூப்பர்பிளாக் பழுது என்ற செய்தியே வந்தது. வன்தட்டு தன் நிலையைத் தானே பதியும் ஸ்மார்ட் அறிக்கையிலும் வாசிக்க முடியாத செக்டர்கள் (தட்டின் சிறு பகுதிகள்) தென்பட்டன.

இத்தகைய நிலையில் மூல வன்தட்டின்மீது எஃப்எஸ்சிகே கட்டளையை நேரடியாக ஓட்டக்கூடாது என்பதை வலியுறுத்திச் சொல்வேன். அது கோப்பு முறைமையின் உள்ளமைப்பைச் சீராக்குமேயன்றிக் கோப்பின் உள்ளடக்கத்தைக் காப்பாற்றுவதாக எந்த உறுதியும் தருவதில்லை. இழுபறியான இடங்களில் வெட்டிவிட்டு நகர்ந்துவிடும். ஆகவே முதலில் டிடிரெஸ்கியூ என்ற மீட்பு மென்பொருள் மூலம் முழுத் தட்டையும் புதிய தட்டொன்றுக்குப் பிரதி செய்தோம். வாசித்த பகுதி, விடுபட்ட பகுதி ஆகியவற்றை அது ஒரு மேப் கோப்பில் குறித்துக்கொள்வதால், இடையில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடர முடிந்தது. அதன் பின்னர், 4 கிலோபைட் பிளாக் (தரவு எழுதப்படும் அலகு) கொண்ட எக்ஸ்ட்4 இல் 32768ஆம் பிளாக்கில் இருக்கும் மாற்று சூப்பர்பிளாக்கைக் காட்டி, பிரதியின்மீதே எஃப்எஸ்சிகே ஓட்டினோம்.

பெரும்பாலான கோப்புகள் மீண்டன. பெயரிழந்தவை லாஸ்ட்+ஃபவுண்ட் கோப்புறையில் வெறும் எண்களாகக் குவிந்திருந்தன. சில படங்கள் திறந்தன. ஆனால் நெற்றியும் கண்களும் தெளிவாக இருக்க, அதற்குக் கீழே சாம்பல் நிறப் பட்டையே இருந்தது. பழைய திகதிக் கோப்புறைகளில் அதே படத்தைத் தேடினால் அங்கும் அதே பட்டை. ஹார்ட் லிங்க் முறையில் எத்தனை திகதிகள் தெரிந்தாலும் தட்டில் இருப்பது ஒரே ஐநோட் (கோப்பின் விவரப் பதிவு), ஒரே தரவு. அது கெட்டால் எல்லாத் திகதியிலும் கெட்டதே. எது நல்ல கோப்பு, எது கெட்டது என்று பிரித்தறிய, முன்னர் பென் டிரைவில் சேமித்திருந்த எஸ்எச்ஏ-256 செக்சம் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணிக்கும் சரிபார்ப்பு எண்) பட்டியல்தான் கைகொடுத்தது.

அதன்பின் ஒரே தரவு இரண்டு தட்டுகளிலும் எழுதப்படும்படி மிரர் செய்து, இசட்எஃப்எஸ் என்ற வேறொரு கோப்பு முறைமைக்கு மாறினோம். ஒவ்வொரு பிளாக்குக்கும் அது செக்சம் வைத்திருக்கிறது. வாசிக்கும்போது பொருந்தாவிட்டால் மற்றத் தட்டிலுள்ள நல்ல பிரதியைக் கொண்டு தானே திருத்துகிறது. ஒரு மாரிக்குப் பின்னர் மாதாந்த ஸ்கிரப்பின்போது (முழுத் தரவையும் வாசித்துச் சரிபார்த்தல்) ஒரு தட்டின் செக்சம் பிழை எண்ணிக்கை ஏறத் தொடங்கியது. கழற்றிப் பார்த்தபோது தட்டை இணைக்கும் சாட்டா கேபிளின் முனை உப்புக்காற்றில் கறுத்துப் போயிருந்தது. கேபிளை மாற்றியதும் அடுத்த ஸ்கிரப் பிழையின்றி முடிந்தது. பழைய ஏற்பாட்டில் இது எமக்குத் தெரியவே வந்திராது.

குறைகளும் உண்டு. உரிமக் காரணங்களால் இசட்எஃப்எஸ் லினக்ஸின் மையப் பகுதியான கேர்னலுடன் சேர்ந்து வருவதில்லை. எனவே கேர்னலைப் புதுப்பிக்கும் முன் இசட்எஃப்எஸ் மொடியூல் அதற்கு ஒத்துவருமா என்று பார்க்க வேண்டும். நினைவகத்தையும் தாராளமாக எடுத்துக்கொள்ளும். மேலும், அதன் ஸ்னப்ஷொட்டுகளும் (ஒரு நேரத்தின் நிலையைப் பதிந்து வைப்பவை) மாறாத பிளாக்குகளைப் பகிர்ந்துகொள்பவையே என்பதால், அவற்றைத் தனிப் பிரதிகளாக நான் எண்ணுவதில்லை. வெளிவன்தட்டு ஒன்றில் தனிப் பிரதி எடுத்து, செக்சம் பட்டியலோடு கல்முனையிலுள்ள உறவினர் வீட்டில் வைத்திருக்கிறோம். அந்தத் தட்டு மட்டும் இன்றும் எக்ஸ்ட்4 தான். அவசரத்தில் எந்த லினக்ஸ் கணினியிலும் மேலதிக மென்பொருள் இன்றித் திறக்க முடிய வேண்டும் என்பதற்காகவே அப்படி விட்டிருக்கிறோம்.