சீமைக் கருவேலத்தை அகற்ற: டிராக்டர் சுழல்வெட்டியா, ஜேசிபியா?

இராமநாதபுரம், சிவகங்கை மாவட்டங்களில் தரிசாய்க் கிடந்த நிலத்தை மீண்டும் உழவுக்குக் கொண்டுவர முனைவோர், சீமைக் கருவேலத்தை டிராக்டர் சுழல்வெட்டியால் அறுப்பதா, ஜேசிபியால் வேரோடு பெயர்ப்பதா என்ற கேள்வியை முதலில் எதிர்கொள்கிறார்கள்.

டிராக்டர் எஞ்சினின் விசையை இணைப்புக் கருவிகளுக்குக் கடத்தும் பி.டி.ஓ. தண்டிலிருந்து விசை பெறும் சுழல்வெட்டி, விரல் பருமனுள்ள செடிகளையும் புல்லையும் விரைவாகச் சிதைத்து, மேல்மண்ணைக் கலைக்காமல் அங்கேயே மண்ணைப் போர்த்தும் மூடாக்காக விட்டுச்செல்லும், செலவும் குறைவு. ஆனால் இந்த மரம் தரையோடு வெட்டினால் சாவதில்லை. மண்ணுக்குச் சற்றுக் கீழே, தண்டும் வேரும் சேரும் வேர்க்கழுத்தில் இருக்கும் மொட்டுகள் விழித்துக்கொண்டு, ஒரு தண்டு நின்ற இடத்தில் பல தண்டுகளாகத் துளிர்த்து, முன்னிலும் அடர்ந்த புதராகிவிடும். எஞ்சிய முள் டயரைப் பதம் பார்ப்பதும் உண்டு.

ஜேசிபி அந்த வேர்க்கழுத்தையே பெயர்த்தெடுப்பதால், வளர்ந்த மரங்கள் நிற்கும் நிலத்துக்கு அதுவே சரியான வழி என்பது என் உறுதியான கருத்து. மணிக்கணக்கு வாடகை கையைக் கடிக்கும். குழிகளையும் நிரவியாக வேண்டும். கிளறிய மண்ணில் உறங்கிய விதைகள் மழைக்கு முளைக்கும்போது, அவை இளசாக இருக்கையிலேயே உழுது அழிக்க வேண்டும். காய்களைத் தின்ற ஆடுமாடுகளின் சாணத்தில் விதை மீண்டும் வந்து சேரும் என்பதால், மேய்ச்சலையும் கட்டுப்படுத்துவது அவசியம். வரப்போரத்துக்கும் புல் மண்டிய பாதைக்கும் சுழல்வெட்டியே போதும்.