185,000 ரூபா கொடுத்தும் உறைந்துகொண்டே இருந்த தொலைபேசிச் சேர்வர்

மட்டக்களப்பு நகரத்தில் கணினி விற்பதும் திருத்துவதுமாக இருக்கும் ஒரு கடையிடம் 185,000 ரூபா ஏமாந்து, அந்த ஆத்திரம் ஆறுவதற்குள் இதை எழுதுகிறேன்.

கல்லடியில் நான் நடத்தும் சிறிய அலுவலகத்தில் தனியார் வைத்தியர்களைச் சந்திக்க நேரம் பதியும் சனலிங் அழைப்புகளை எட்டுப் பிள்ளைகள் எடுக்கிறார்கள். ஆஸ்டெரிஸ்க் என்ற தொலைபேசி மென்பொருள் ஓடும் ஒரேயொரு சேர்வர்தான் எல்லா அழைப்பையும் பிரித்துக் கொடுக்கிறது. இரண்டு மாதமாகக் காலை ஏழுக்கும் ஒன்பதுக்கும் இடையில், அழைப்புகள் குவியும் நேரம் பார்த்து, அது உறைந்துபோகத் தொடங்கியது. பேசிக்கொண்டிருப்பவரின் குரல் அறாது. ஆனால் புதிய அழைப்பு ஒன்றுகூட மணியடிக்காது. பத்து விநாடியோ ஒரு நிமிடமோ கழிந்ததும் எதுவுமே நடவாததுபோல் எல்லாத் தொலைபேசிகளும் ஒன்றாக அலறும்.

கடையிலிருந்து வந்தவர் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், மூடியைக் கழற்றித் தூசியை ஊதினார், பிறகு நிறுத்தி மறுபடி இயக்கினார். அன்று பகல் முழுவதும் அது நன்றாக ஓடியது. "மெஷின் களைச்சிட்டுது அக்கா, புதுசு போட்டா ஒரு பிரச்சினையும் வராது" என்று பிளேன்டீயைக் குடித்துக்கொண்டே அவர் சொன்னபோது நான் நம்பினேன். எத்தனை மணிக்கு உறைகிறது, உறையும்போது எது ஓடுகிறது, எது நிற்கிறது என்று அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. சீட்டெடுத்து வைத்திருந்த பணத்தில் சேர்வருக்கு 150,000, வேலைக்கூலி 35,000 என்று எண்ணிக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் காலை புதிய பெட்டியும் அதேபோல் உறைந்தது. திருத்த வந்தவரைக் கேட்டால், முதலில் லைன் பிழை, இணையக் கம்பனியைக் கேளுங்கள் என்றார். அடுத்த முறை கொழும்பில் நிற்பதாகச் சொன்னார். கடைக்கே நேரில் போனபோது, "அவர் எங்கட ஆளில்லை, கொமிசனுக்கு வாறவர்" என்று முதலாளி கணக்குப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார். 185,000 ரூபாவை எண்ணி வாங்கியது அதே முதலாளியின் கைதான். பற்றுச்சீட்டில் 'கணினி உபகரணம்' என்று மட்டும் இருக்கிறது, தொடரிலக்கம் இல்லை.

கடைசியில் வந்தாறுமூலையில் படிக்கும் என் மருமகன் வந்து, சேர்வரை நிறுத்த விடாமல், அது உறைந்திருக்கும்போதே ஓடும் மென்பொருளின் உள்ளே பார்க்க உதவும் ஜி.டி.பி. என்ற கருவி மூலம், அதன் எல்லா த்ரெட்டுகளும் (ஒரே நேரத்தில் தனித்தனியாக ஓடும் வேலைகள்) எந்த இடத்தில் நிற்கின்றன என்று எடுத்துப் பார்த்தான். ஒன்று டீ.என்.எஸ். (பெயரைக் கொடுத்தால் அதன் இணைய முகவரியைத் தேடித் தரும் சேவை) பதிலுக்காகக் காத்திருந்தது, மற்றவை அது பிடித்திருந்த பூட்டுக்காக, அதாவது அது வழிவிடும்வரை, காத்திருந்தன. இரண்டு மாதத்துக்கு முன் நாங்கள் இணைய இணைப்பை மாற்றியபோது, பழைய கம்பனியின் டீ.என்.எஸ். முகவரி எந்த டீ.என்.எஸ்.ஐக் கேட்பது என்று சேர்வருக்குச் சொல்லும் ரிசோல்வ்.கான்ஃப் கோப்பின் முதல் வரியிலேயே தங்கிவிட்டிருக்கிறது. செத்துப்போன அந்த முகவரியிடம், சேர்வரை இயக்கும் லினக்ஸ் ஒவ்வொரு தடவையும் 5 விநாடி காத்திருந்துவிட்டுத்தான் அடுத்ததைக் கேட்கும். அழைப்புகள் கூடக்கூட அந்தக் காத்திருப்பும் அடுக்கடுக்காகச் சேரும். எங்களிடம் இருப்பதோ ஆஸ்டெரிஸ்க்கில் அழைப்புகளைக் கையாளும் பழைய பகுதியான சான்-சிப் (2023இல் வந்த ஆஸ்டெரிஸ்க் 21ஆம் பதிப்பில் அதை நீக்கியே விட்டார்கள்). பெயரைத் தேடி முடியும்வரை அது வேறெதையும் கவனிக்காது. கடைக்காரர் பழைய டிஸ்க்கை அப்படியே பிரதி எடுத்துப் போட்டதால் நோயும் கூடவே குடிவந்துவிட்டது.

மருமகன் ஒரு வரியை அழித்தான். அதன் பின்பு உறையவில்லை. புதிய டிஸ்க்கையும் சோதித்துப் பார்த்தான்: அது ஏற்கெனவே 31,000 மணித்தியாலம், அதாவது மூன்றரை வருடம், ஓடிய டிஸ்க்.

விரிவாக ஆலோசனை எழுதத்தான் இருந்தேன், இப்போது அதற்குப் பொறுமையில்லை. உறைந்திருக்கும் சேர்வரை நிறுத்தி இயக்க யாரையும் விடாதீர்கள், தடயம் அழிந்துவிடும். தொடரிலக்கம் எழுதாத பற்றுச்சீட்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள். டிஸ்க் ஓடிய மணித்தியாலத்தைக் கடையிலேயே காட்டச் சொல்லுங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு நாளைக் காலை பேசப் போகிறேன். அந்த 185,000 ரூபாவில் ஒரு சதமும் இன்னும் திரும்பி வரவில்லை.