கிராமத்துத் தெருவை எடுக்கப் போறாய்ங்களாம்: ஆண்டுச் சீட்டுக்காரன் ஒருவனின் மதிப்பீடு

மதுரையிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய ஒரு பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் பல வருடங்களாக ஆண்டுச் சீட்டு வாங்கிக் குடும்பத்தோடு போய்வருகிறோம். பூங்காவின் பெயரை எழுதவில்லை. குறை சொல்லப் போகிறேன், அதிலும் பாதி காதில் விழுந்த சேதி. பெயரை இழுப்பது நியாயமில்லை. தண்ணீர்ச் சறுக்கு, அலைக்குளம், கப்பல் ஊஞ்சல் எல்லாம் எந்தப் பூங்காவிலும் இருப்பவைதான். சாப்பாடு விலை அதிகம், ருசி சுமார். கழிப்பறை காலையில் சுத்தம், மூன்று மணிக்கு மேல் மோசம். அவற்றைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. நான் எழுத வந்தது பின்பக்கம் வேப்பமரங்களுக்கு நடுவே இருக்கும் கிராமத்துத் தெருவைப் பற்றி.

போகாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு குறுகலான தெரு, இரண்டு பக்கமும் ஓட்டு வீடுகள். வாசலில் திண்ணை, சும்மா பார்ப்பதற்கு இல்லை, உட்காரலாம், படுக்கலாம். ஒரு வீட்டில் பாட்டி உரலில் குத்துவாள். அடுத்ததில் கொல்லர் சுத்தியலை ஓங்குவார். இன்னொன்றில் திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியார் தலையை ஆட்டிக்கொண்டே பிரம்பைத் தூக்குவார். எல்லாம் மோட்டார் வைத்த பொம்மைகள். அங்கே வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் பின்கதவைத் திறந்து உள்ளே காட்டியிருக்கிறார். காரின் முன்கண்ணாடியைத் துடைக்கும் வைப்பர் மோட்டார்தான். சுற்றுகிற மோட்டாரில் ஒரு இரும்புக் கம்பியை ஓரமாக மாட்டி, மறுமுனையைப் பாட்டியின் முழங்கையில் இணைத்தால் உலக்கை ஏறி இறங்கும். இவ்வளவுதான் சூட்சுமம். உள்ளே பார்த்த பிறகும் என் மகளுக்கு அந்தப் பாட்டி மேலிருந்த பிரியம் குறையவில்லை.

தெருமுனையில் அய்யனார் உட்கார்ந்திருக்கிறார், இரண்டு பக்கமும் குதிரை. ஊர்க்கோயில்களில் சுட்ட மண்ணில் இருக்குமே, அந்த வகை இல்லை. கம்பி கட்டி சிமெண்டு பூசியது. அலங்காரத்துக்கு வைத்த சிலைதான், யாரும் பிரதிஷ்டை செய்யவில்லை. ஆனாலும் நம் ஆட்கள் விடுவார்களா? உசிலம்பட்டிப் பக்கமிருந்து வந்த ஒரு குடும்பம் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டதை நானே பார்த்தேன். இப்போது வேலில் எலுமிச்சம்பழம் குத்தியிருக்கிறது, காலடியில் சில்லறை கிடக்கிறது, நெற்றியில் யாரோ தினமும் விபூதி பூசுகிறார்கள்.

அய்யனாருக்குப் பின்னால் குளம், அதைச் சுற்றி ஒரு குட்டி ரயில், நடுவில் ஒரு குகை. தெருவில் கம்பங்கூழும் மோர்மிளகாயும் விற்கிற ஒரு கடை. பூங்கா முழுவதிலும் விலைக்கு நியாயமாகச் சாப்பிடக் கிடைப்பது அங்கே மட்டும்தான். மே மாத வெயிலில் மற்ற இடங்களில் தரையில் கால் வைக்க முடியாது, இங்கே மட்டும் நிழல். அப்பத்தா, தாத்தாவோடு வருகிறவர்கள் அவர்களைத் திண்ணையில் உட்கார வைத்துவிட்டுத்தான் சறுக்குப் பக்கம் போகிறார்கள்.

சரி, வதந்திக்கு வருவோம். இந்தத் தெருவை எடுத்துவிட்டு டைனோசர் காடு போடப் போகிறார்கள் என்று முதலில் கேள்விப்பட்டேன். அப்புறம் பனி உலகம் என்றார்கள். சித்திரைத் திருவிழா சமயத்தில் வாட்சப்பில் வந்த சேதியில் பத்து மாடி உயரத்துக்குத் தண்ணீர்ச் சறுக்கு, வேலை அடுத்த வாரமே ஆரம்பம் என்று இருந்தது. அடுத்த வாரம் வந்தது, போனது, தெரு அங்கேயேதான் இருக்கிறது. டிக்கெட் கவுண்டரில் கேட்டால் சிரிக்கிறார்கள். நிர்வாகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். "தங்கள் ஆதரவுக்கு நன்றி" என்று பதில் வந்தது. இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை.

இந்த மாதிரி வதந்தி வந்தால் எல்லோரும் "உண்மையா பொய்யா" என்றுதான் கேட்கிறார்கள். நான் வேறொன்றைப் பார்க்கிறேன். கெட்டுப்போனதைச் சரிசெய்கிறார்களா, இல்லையா? வாயால் என்ன சொன்னாலும், காசு எங்கே போகிறது என்பதை நிர்வாகத்தால் மறைக்க முடியாது.

அந்தக் கணக்கில் சேதி நல்லதாக இல்லை. 2020இல் கொரோனாவுக்காக மூடித் திறந்த பிறகு வாத்தியார் தலையாட்டவில்லை. ஒரு வைப்பர் மோட்டார் பழைய சாமான் கடையில்கூடக் கிடைக்கும். அதைக்கூட மாற்றவில்லை. பிறகு கொல்லர் நின்றார், தூக்கிய சுத்தியல் தூக்கியபடியே. தண்ணீர் இறைக்கும் ஏற்றத்துக்குச் சங்கிலி போட்டுப் பூட்டினார்கள். ரயிலுக்கு முன்னால் "பராமரிப்புப் பணி" என்று ஒரு பலகை. அந்தப் பலகையின் எழுத்தே வெயிலில் வெளுத்துவிட்டது, பணியாளர் ஒருவரைக்கூட அங்கே பார்த்ததில்லை. குளத்து மோட்டாரைச் சிக்கனத்துக்காக மதியத்துக்கு மேல்தான் போடுகிறார்கள் போல, தண்ணீர் பச்சையாகக் கிடக்கிறது. இந்தப் பக்கத்து போர் தண்ணீரில் உப்பு அதிகம். தெளித்துக்கொண்டே இருந்தால் ஃபைபர் பொம்மைகள் மேல் வெள்ளைப் படலம் படிந்துவிடும், அதோடு வெயிலும் சேர்ந்தால் மேல்பூச்சின் மினுக்குப் போய் மாவு மாதிரி உதிரும். வருடா வருடம் தேய்த்து மறுபூச்சு அடித்தால்தான் நிற்கும். சறுக்குகளுக்கு அடிக்கிறார்கள். தெருவுக்கு அடிப்பதில்லை.

கூழ்க்கடைக்காரரிடம் போன தடவை பேச்சுக் கொடுத்தேன்.

"என்னண்ணே, தெருவ எடுக்கப் போறாய்ங்களாமே?"

"யாருக்குண்ணே தெரியும். எனக்கு வருசக் குத்தகை எழுதுவாங்க. இந்தத் தடவை மாசா மாசம் பாத்துக்கலாம்னு சொல்லிட்டாங்க."

வாட்சப்பில் வந்த அத்தனை சேதியையும்விட எனக்கு இந்த ஒரு வரி பெரிது. அய்யனாரைப் பற்றியும் அவரே சொன்னார்: "அவர மட்டும் அவ்வளவு லேசுல எடுக்க முடியாதுண்ணே. மேஸ்திரியே கடப்பாறைய வைக்க மாட்டேம்பாரு."

வெளிநாட்டுப் பூங்காக்களிலும் இதே கதைதான். அமெரிக்காவில் ஆர்லாண்டோவில் யுனிவர்சல் நிறுவனத்தின் ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வென்ச்சர் 1999இல் திறந்தபோது லாஸ்ட் காண்டினென்ட் என்று ஒரு பகுதி இருந்தது. புராணக் கதைகளும் மந்திர தந்திரமும் கலந்த இடம். 2010இல் அதில் ஒரு பங்கு ஹாரி பாட்டர் உலகத்துக்குப் போனது. 2018இல் சிந்துபாத் சண்டைக் காட்சியை நிறுத்தினார்கள். 2023இல் பொசைடன் காட்சியும் முடிந்தது. ஒரே நாளில் இடித்திருந்தால் பெரிய சத்தம் எழுந்திருக்கும். ஒவ்வொன்றாக நின்றபோது, மிச்சமிருப்பதை எடுத்தால் என்ன என்று ரசிகர்களே பேச ஆரம்பித்தார்கள். அந்த இடத்துக்கு என்ன வரும் என்ற ஊகத்துக்கு மட்டும் குறைவே இல்லை.

எல்லா இடமும் இப்படித்தான் போகும் என்று சொல்ல மாட்டேன். டிஸ்னியின் மேஜிக் கிங்டம் 1971இல் திறந்த நாளிலிருந்து இருந்த ஆற்றையும், பின்னர் அதில் வந்த டாம் சாயர் தீவையும் 2025 ஜூலையில் மூடினார்கள். படகு கடைசிவரை ஓடிக்கொண்டுதான் இருந்தது. முந்தைய ஆகஸ்டிலேயே பகிரங்கமாக அறிவித்துவிட்டார்கள், பேசும் கார்களின் கதை அந்த இடத்துக்கு வருகிறது என்று. எனவே ஓடிக்கொண்டிருக்கும் இடம் தப்பிக்கும் என்பதும் நிச்சயமில்லை. ஆனால் அங்கே சொல்லிவிட்டுச் செய்தார்கள். பிடித்தவர்கள் கடைசியாக ஒருமுறை போய்ப் பார்க்க அவகாசம் இருந்தது. நான் கேட்பதும் அவ்வளவுதான்.

இன்னொரு வழியும் இருக்கிறது. ஸ்பிளாஷ் மவுண்டன் என்ற நீர்ச் சவாரி, கறுப்பின மக்களைக் காட்டிய விதத்துக்காகக் கண்டிக்கப்பட்ட ஒரு பழைய படத்தை அடிப்படையாகக் கொண்டது. புளோரிடாவில் அதை 2023இல் மூடி, 2024இல் டிஸ்னி கார்ட்டூன் படத்து இளவரசி டியானாவின் கதையாகத் திறந்தார்கள். நீர்ப்பாதையும் செங்குத்தாக விழும் இடமும் அப்படியே இருக்க, பொம்மைகளும் பாட்டும் மட்டும் மாறின. எடுத்தே தீர வேண்டுமென்றால் நம் ஆட்களும் இதைச் செய்யலாம். வேப்பமரங்களும் திண்ணைகளும் இருக்கட்டும். உரல் பாட்டிக்குப் பதில் டைனோசர் வந்து உட்கார்ந்தால் நான் முணுமுணுப்பேன், ஆனால் வருவேன்.

மதுரைக்காரர்களுக்கு இந்தக் காத்திருப்பு புதிதில்லை. புது மண்டபத்துக் கடைகளைக் காலி செய்யப் போகிறார்கள் என்று வருடக்கணக்கில் பேச்சு இருந்தது. திருமலை நாயக்கர் கட்டிய மண்டபத்தில் தையல்காரர்களும் பாத்திரக் கடைகளும் புத்தகக் கடைகளும் தூண்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்த காலம் அது. "எங்க போகப் போறாங்க, சும்மா சொல்றது" என்பார்கள். கடைசியில் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போனார்கள். மண்டபத்துக்கு அது நல்லது, மறுக்க முடியாது. நான் சொல்ல வருவது அந்த இடைக்காலத்தைப் பற்றி. நாளைக்கு இருப்போமா என்று தெரியாத கடைக்காரர் பலகை மாற்ற மாட்டார், சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க மாட்டார். கூழ்க்கடை இப்போது அந்த நிலையில்தான் இருக்கிறது. கூரையில் ஒரு ஓடு உடைந்து அப்படியே கிடக்கிறது.

நிர்வாகத்தின் பக்கமும் கணக்கு உண்டு. தெருவுக்குத் தனிக் கட்டணம் இல்லை. சறுக்குப் பக்கம் நீச்சல் உடை வாடகை, லாக்கர் வாடகை, ஐஸ்கிரீம் என்று ஆளுக்கு ஆள் காசு கழலும். திண்ணையில் படுத்திருக்கும் தாத்தாவிடம் எதை விற்பது? மதுரை வெயிலுக்குப் பிள்ளைகள் தண்ணீரைத்தான் கேட்கிறார்கள். என் மகளே இப்போது ஒன்பதாவது படிக்கிறாள், பெரிய சறுக்கு வந்தால் நல்லதுதானே என்கிறாள். வீட்டில் அவளுடைய அம்மா இன்னும் ஒரு படி மேலே: "நெழல்ல படுத்துத் தூங்க ஒரு எடம் போகுதுன்னு இவ்வளவு புலம்பலா? நம்ம வீட்டு மொட்டை மாடியில கீத்துப் போட்டுக்கங்க." பதில் சொல்ல முடியாத வாதம்.

இருந்தாலும் ஒன்று. சென்னை விஜிபிக்குப் போய்வந்த யாரையும் கேட்டுப் பாருங்கள். எந்த ராட்டினத்தில் ஏறினார்கள் என்று நினைவிருக்காது. வாசலில் அசையாமல் நின்ற சிலை மனிதரைச் சிரிக்க வைக்கப் பார்த்ததை மட்டும் மறக்காமல் சொல்வார்கள். ராட்டினம் எந்த ஊரிலும் வாங்கலாம். எங்கள் பூங்காவுக்கு அந்தச் சிலை மனிதர் இடத்தில் இருப்பது உரல் பாட்டியும் எலுமிச்சம்பழ அய்யனாரும்தான். சறுக்கு மட்டும் என்றால், போக வர இரண்டு மணி நேரம் பஸ்ஸில் உட்கார எனக்குக் காரணம் இல்லை.

மதிப்பெண் கேட்பவர்களுக்கு: தெரு நன்றாக இருந்த காலத்தில் ஐந்துக்கு நாலரை கொடுத்திருப்பேன். இப்போது மூன்று, அதில் ஒன்று மரங்களுக்கு. ஆண்டுச் சீட்டை இந்த முறை புதுப்பிக்கவில்லை. தெருவின் கதி தெரியும்வரை போகிற அன்றைக்கு மட்டும் டிக்கெட் வாங்குவதாக முடிவு. நீங்களும் அப்படியே செய்யுங்கள், வருடச் சந்தாவுக்குத் தள்ளுபடி என்று யார் ஆசை காட்டினாலும் பொறுங்கள்.

தெருவைப் பார்க்கவே போகிறீர்கள் என்றால் சனி, ஞாயிறு வேண்டாம். திறந்ததும் எல்லோரும் சறுக்குக்கு ஓடுவார்கள், நீங்கள் வலப்பக்கம் திரும்பி நேராகப் பின்னால் போங்கள். காலையில் பாட்டிக்கு மட்டும் இன்னும் கரண்ட் போடுகிறார்கள். மதியம் பெரும்பாலும் அணைத்துவிடுகிறார்கள். கூழ் பதினொரு மணிக்கு மேல்தான் தயாராகும். சில்லறையாகக் கொண்டுபோங்கள், கடைக்காரரின் போனில் சிக்னல் கிடைப்பதில்லை, ஜிபே வேலை செய்யாது. ரயில் ஓடுகிறதா என்று வாசலிலேயே கேட்டுவிட்டு டிக்கெட் எடுங்கள். ஓடுகிறது என்று யாருக்காவது பதில் கிடைத்தால் எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.