ஐயரா, பதிவு அலுவலகமா, செலிபிரண்டா? ஆஸ்திரேலியாவில் ஒரு தமிழ்த் திருமணம்

ஆஸ்திரேலியாவில் மணமுடிக்க விரும்பும் தமிழ் இணையருக்கு மூன்று வழிகள் உள்ளன: மாநிலப் பதிவு அலுவலகம், மணம் செய்துவைக்கப் பதிவுபெற்ற சமயகுரு, சமயகுரு அல்லாமல், மணம் நடத்திவைக்கச் சட்ட அதிகாரம் பெற்ற ‘செலிபிரண்ட்’ (celebrant). மூன்றையும் ஆள்வது 1961ஆம் ஆண்டுத் திருமணச் சட்டமே. எந்த வழியானாலும், மணமுடிக்கப் போவதைத் தெரிவிக்கும் உத்தேச அறிவிப்புப் படிவத்தைத் திருமணத்துக்கு ஒரு மாதத்துக்குக் குறையாமலும் 18 மாதங்களுக்கு மேற்படாமலும் முன்னதாகக் கொடுக்க வேண்டும். 18 வயது நிரம்பிய இருவர் சாட்சியாக நிற்க வேண்டும். சட்ட மதிப்பில் ஏற்றத்தாழ்வு இல்லை என்பதால், சடங்கை யார் வடிவமைக்கிறார்கள் என்பதையே ஒப்பிட வேண்டியிருக்கிறது.

பதிவு அலுவலகம் எளிமையானது. ஆனால் நேரமும் வாசகமும் அவர்கள் வகுத்தவை. விருந்தினர் எண்ணிக்கைக்கும் வரம்புண்டு. விடியற்கால முகூர்த்தத்துக்கு அங்கே இடமில்லை. அதனால் முதலில் பதிவு, சில வாரம் கழித்துக் கோயிலில் தாலி என்று பிரித்துக்கொள்ளும் குடும்பங்கள் பல. இந்த ஏற்பாடு எனக்கு உவப்பானதன்று. அழைப்பிதழில் ஒரு நாளும் சான்றிதழில் வேறொரு நாளும் நிற்கும். தாலி ஏறும் வேளையில் அவர்கள் சட்டப்படி ஏற்கெனவே கணவன் மனைவி.

ஐயர் பதிவுபெற்றவராக இருந்தால் இந்தப் பிளவு இல்லை. அவருடைய சமயம் ஏற்ற சடங்கே சட்டத்துக்கும் போதும். ஆனால் எல்லா ஐயரும் பதிவுபெற்றவர் அல்லர் என்பதால், நாள் குறிக்கும் முன்பே கேட்டுவிட வேண்டும். இருவரில் ஒருவர் வேற்றுச் சமயத்தவரானால், அவருடைய வீட்டாருக்கும் அந்தச் சடங்கில் ஓர் இடம் கிடைக்குமா என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

செலிபிரண்ட் முறை, லயனல் மர்பி கூட்டாட்சி அரசின் சட்டத்துறைத் தலைவராக இருந்த 1973இல் தொடங்கியது. இன்று அந்நாட்டுத் திருமணங்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு சமயச் சார்பற்ற முறையில் நடக்கின்றன. சடங்கின்போது செலிபிரண்ட் தமக்குள்ள சட்ட அதிகாரத்தையும் திருமணத்தின் சட்டப் பொருளையும் அறிவிக்க வேண்டும். மணமக்கள் சாட்சிகள் முன்னிலையில் உறுதிமொழி சொல்ல வேண்டும். சட்டம் கட்டாயமாகக் கேட்கும் வாசகங்கள் இவ்வளவே. மற்றவை முழுவதும் இணையரின் விருப்பம்.

சிட்னியின் வென்ட்வர்த்வில்லில் நடந்த என் அக்கா மகளின் திருமணத்தில் இதை அருகிலிருந்து கண்டேன். மாப்பிள்ளை தமிழரல்லர். செலிபிரண்ட் அம்மையார் முதல் சந்திப்பிலேயே, “தாலி எத்தனை மணிக்கு?” என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, அதைச் சுற்றியே நிகழ்ச்சி நிரலை எழுதினார். மேளம் அடங்கியதும் இருவரும் உறுதிமொழியை ஆங்கிலத்தில் சொன்னார்கள். பிறகு மாப்பிள்ளை, “இங்கே கூடியிருப்போர் சாட்சியாக உன்னை என் மனைவியாக ஏற்கிறேன்” என்று எழுதிவைத்துப் படித்த தமிழில் சொன்னபோது, முன்வரிசையில் இருந்த அம்மம்மா, “விளங்குது தம்பி” என்று உரக்கச் சொன்னார். பதிவு அலுவலகத்தில் அம்மம்மாவுக்கு நாற்காலியாவது கிடைத்திருக்குமா என்பது ஐயமே.

2024 ஜூன் முதல், திருமணத்துக்கு முன் மணமக்கள் ஒவ்வொருவரையும் தனித்தனியே நேரில் சந்தித்து, மனமொப்பித்தான் மணக்கிறார்களா என்று உறுதிசெய்வதும் நடத்திவைப்பவரின் கடமையாகியிருக்கிறது. சொந்தபந்தங்களின் வற்புறுத்தலுக்குப் பிள்ளைகள் பணிந்துபோகும் வீடுகள் நம்மிடையே உண்டு என்பதால், எந்த வழியைத் தேர்ந்தாலும் பெற்றோர் இந்தச் சந்திப்பில் உடன் நிற்க முயலக் கூடாது என்று வற்புறுத்திச் சொல்வேன்.

செலிபிரண்டின் கட்டணத்துக்கு அரசு வரையறை இல்லை. ஆளுக்கு ஆள் மாறும். ஆகவே ஒத்திகைக்கு வருவாரா, ஒலிபெருக்கி கொண்டுவருவாரா, தமிழ்ப் பெயர்களைத் திருத்தமாக உச்சரிக்கப் பழகிக்கொள்வாரா என்று கேட்டு எழுத்தில் பெற்றுக்கொள்வது நல்லது. திருமணத்துக்குப் பின் 14 நாட்களுக்குள் ஆவணங்களைப் பதிவுக்கு அனுப்புவது அவருடைய பொறுப்பு. மேடையில் கையில் தரப்படும் அழகிய சான்றிதழ் பெயர் மாற்றத்துக்குப் பொதுவாகச் செல்லாது. மாநிலப் பதிவகத்தில் விண்ணப்பித்து அதிகாரபூர்வப் படியைத் தனியே பெற வேண்டும்.