எரிந்த வீட்டை விற்கப் போகிறீர்களா? பணம் கட்டுவதற்கு முன் இதை வாசியுங்கள்

நான்கு இலட்சத்து எண்பத்தையாயிரம் ரூபாய். எங்கள் எரிந்த வீட்டை விற்றுத் தருவதாகச் சொல்லி அந்தப் பணத்தை வாங்கிய அலுவலகத்திலிருந்து நேற்று மாலை வந்த கடைசிப் பதில், "செலுத்திய சேவைக் கட்டணம் மீள வழங்கப்பட மாட்டாது" என்ற ஒற்றை வரிதான். ஒரு வணக்கம் இல்லை, எழுதியவரின் பெயர் இல்லை, வருத்தம் தெரிவிக்கும் ஒரு சொல்கூட இல்லை. ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். அடங்கிய பிறகு எழுதினால் அம்மா சொல்வதைக் கேட்டுப் பாதியை விட்டுவிடுவேன்.

பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அதை முறைப்பாட்டில் எழுதிக்கொள்கிறேன். என்ன மாதிரியான இடம் என்று மட்டும் சொல்கிறேன். திருகோணமலை நகருக்குள், கண்ணாடிக் கதவும் குளிரூட்டியும் வைத்து நடத்தும், வீடு காணி விற்றுத் தருகிற அலுவலகம். சமூக வலைத்தளத்திலும் விளம்பரம் போடுகிறார்கள். எரிந்த வீடு, வெள்ளத்தில் பழுதான வீடு, பங்குப் பிரச்சினையுள்ள காணி, எதுவானாலும் உள்ளது உள்ளபடியே விற்றுத் தருவார்களாம். அந்த விளம்பரத்தைக் கண்டுதான் போனோம். வீடு எரிந்து நிற்பவர்களைத் தேடிப் பிடிப்பதற்கென்றே எழுதப்பட்ட விளம்பரம் அது என்பது இப்போது விளங்குகிறது.

வீடு உப்புவெளிப் பக்கம். அப்பா ஓய்வு பெற்ற பிறகு கட்டியது. 14 பேர்ச் காணி, உறுதிப் பத்திரம் அம்மாவின் பெயரில். கடந்த ஆடி மாதம் ஓர் இரவு, குசினியில் குளிர்சாதனப் பெட்டியின் பின்னால் மின்னொழுக்கு ஏற்பட்டுத் தீப்பிடித்தது. அம்மா அன்று என்னுடன் பாலையூற்றில் இருந்தார். அது தெய்வச் செயல். அஸ்பெஸ்டஸ் கூரை சூடேறி ஒவ்வொரு சீற்றாக வெடித்த சத்தத்தில்தான் அயலவர்கள் விழித்திருக்கிறார்கள். குசினியும் நடு அறையும் முற்றாக எரிந்துவிட்டன. முன் மண்டபம் புகையோடு தப்பியது. வீட்டுக் கடனைக் கட்டி முடித்ததோடு காப்புறுதியும் நின்றுவிட்டதால் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சதமும் வரவில்லை. திருத்திக் கட்ட எங்களிடம் வசதி கிடையாது. அம்மாவும் அந்த வளவுக்குள் இனிக் கால் வைக்க மாட்டேன் என்றார். விற்பது என்று முடிவெடுத்தோம்.

அந்த அலுவலகத்திலிருந்து வந்தவருக்கு முப்பது வயதிருக்கும். அயன் கலையாத வெள்ளைச் சேர்ட்டோடு வந்தார். எரிந்து கரியாகிக் கிடந்த வீட்டின் வாசற்படியில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். உள்ளே ஆணியும் உடைந்த கண்ணாடியும் கிடக்கின்றன, போட்டுக்கொண்டே வாருங்கள் என்று நான் சொன்னேன். "பரவாயில்லை அக்கா, அம்மா விளக்கு ஏற்றிய வீடு" என்றார். அம்மா படலையடியில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். சுவாமியறைப் பக்கம் சாம்பலுக்குள் கிடந்த பித்தளைக் குத்துவிளக்கை அவரே குனிந்து எடுத்தார். தன் கைக்குட்டையால் அதன் தண்டைத் துடைத்து, வெளியே கொண்டு வந்து, இரண்டு கையாலும் அம்மாவிடம் நீட்டினார். "இது விற்பனைக் கணக்கில் வராது அம்மா, உங்களோடு கொண்டு போங்கள்." அம்மா அழுதுவிட்டார். தீக்குப் பிறகு அவர் அழுதது அன்றுதான். நல்ல வளர்ப்புப் பிள்ளை என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார். அந்தக் கைக்குட்டைக்குத்தான் நாங்கள் நான்கு இலட்சத்து எண்பத்தையாயிரம் ரூபாய் கொடுத்திருக்கிறோம்.

படித்தவர்கள் எப்படி நம்பினீர்கள் என்று இப்போது பலர் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்கிறேன்: அவர் பேசியதில் பாதி உண்மை. கதவு நிலைக்கு மேலே இருந்த கொங்கிறீட் விட்டத்தைக் காட்டி, இளஞ்சிவப்பாக நிறம் மாறியிருக்கிறது பாருங்கள், 300 பாகை செல்சியஸுக்கு மேல் சூடேறினால்தான் இப்படி வரும், அந்த இடத்தில் கொங்கிறீட் பலம் குறைந்துவிடும் என்றார். சரியான விடயம். திறப்பால் சுவரைத் தட்டிக் காட்டி, பொள்ளென்று சத்தம் வந்தால் பூச்சு உள்ளே கழன்றுவிட்டது என்றார். அதுவும் சரி. கருகிய வயர்க் குழாய்களின் புகை ஈரத்தோடு சேர்ந்தால் அமிலமாகிக் கம்பியை அரிக்கும், ஆகையால் மாரிக்கு முன் விற்றுவிடுங்கள் என்றார். அதையும் பொய் என்று சொல்ல முடியாது. இவ்வளவு தெரிந்தவர் அடுத்ததாகச் சொன்ன பொய்யை எவர்தான் சந்தேகிப்பார்?

அடுத்ததாகச் சொன்னது இதுதான். எரிந்த வீட்டுக்கு வாங்குபவரின் வங்கி கடன் கொடுக்காது, ஆகவே பொறியியலாளரின் அறிக்கை வேண்டும், அதற்கு 150,000 ரூபாய். புதிய நில அளவைப் படத்துக்கும் காணிப் பதிவகப் பிரதிகளுக்கும் 85,000 ரூபாய். இரண்டையும் கட்டினோம். அதன் பிறகு ஒருவரை அழைத்து வந்து, கொழும்பிலிருந்து வாங்க வந்தவர் என்றார். வந்தவர் வளவைச் சுற்றிப் பார்த்தார், கிணற்றை எட்டிப் பார்த்தார், 65 இலட்சம் என்று விலை பேசினார். மறுநாளே உறுதி முடிக்கலாம், முத்திரைத் தீர்வையை முற்கூட்டியே கட்டினால் உறுதி எழுதும் நொத்தாரிசு நாள் குறித்துவிடுவார் என்று சொல்லி 250,000 ரூபாய் கேட்டார்கள். கட்டாரில் இருக்கும் என் தம்பி உழைத்துச் சேர்த்து அனுப்பிய பணம் அது. மொத்தம் 485,000.

முத்திரைத் தீர்வை என்பது காணி கைமாறும்போது பெறுமதியின் முதல் ஒரு இலட்சத்துக்கு நூற்றுக்கு 3 வீதமும் மீதிக்கு 4 வீதமுமாகக் கணக்கிடுவது. 65 இலட்சத்துக்குக் கணக்குப் பார்த்தால் 259,000 வருகிறது. அவர்கள் கேட்ட தொகை அதற்கு எவ்வளவு கிட்ட நிற்கிறது பாருங்கள். கணக்கு பொருந்துகிற மாதிரித்தான் கேட்பார்கள். ஆனால் அந்தத் தீர்வையைக் கட்ட வேண்டியவர் வாங்குபவர். விற்பவரிடம் அதை முற்பணமாகக் கேட்பதே ஏமாற்று.

விலை பேசியதற்கு ஆதாரமாக ஒரு வெள்ளைத் தாளில் உடன்படிக்கை எழுதி, முத்திரை ஒட்டி, எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். இந்த நாட்டில் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. காணி விற்பனையும், பின்னர் விற்பதாகச் செய்யும் உடன்படிக்கையும், நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதப்படாவிட்டால் சட்டத்தில் செல்லாது. மோசடியைத் தடுக்க அந்தக் காலத்தில் போட்ட சட்டம், இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அந்த அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு இது தெரியாது என்று எவரும் சொல்ல வேண்டாம். தொழிலே காணி விற்பது.

பணம் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து குரல் மாறிவிட்டது. முதலில், நொத்தாரிசுக்குச் சுகமில்லை. பிறகு, ஐயா கொழும்புக்குப் போயிருக்கிறார். பிறகு, வாங்குபவரின் வங்கியில் தாமதம். நேரில் போனால் முன் மேசையில் இருக்கும் பிள்ளை தேநீர் கொண்டு வந்து வைப்பாள். உங்கள் கோப்பு ஐயாவின் மேசையில்தான் இருக்கிறது என்பாள். அந்தப் பிள்ளையைக் குறை சொல்லவில்லை, அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னாள். ஆனால் அம்மா, எழுபது வயது தாண்டியவர், அந்தக் குளிரில் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்துக்கொண்டு நாற்காலியில் காத்திருந்ததை நான் மறக்கப் போவதில்லை. உள்ளறைக் கதவுக்குப் பின்னால் அந்த வெள்ளைச் சேர்ட்காரரின் சிரிப்புச் சத்தம் எங்களுக்குக் கேட்டது. கேட்டுக்கொண்டிருக்கும்போதே, அவர் வெளியே போய்விட்டார் என்று பதில் வந்தது.

நான் விடாமல் கேட்டதால் பொறியியலாளர் அறிக்கையை மட்டும் தந்தார்கள். வீட்டுக்குக் கொண்டு வந்து வாசித்தேன். இரண்டாம் பக்கத்தில், "மேல்மாடிக்குச் செல்லும் படிக்கட்டின் கீழுள்ள தூணில் வெப்பத்தால் வெடிப்பு ஏற்பட்டுள்ளது" என்று இருக்கிறது. எங்கள் வீட்டுக்கு மேல்மாடி இல்லை. படிக்கட்டும் இல்லை, தூணும் இல்லை. கூரை அஸ்பெஸ்டஸ் என்று நாட்டிலுள்ள எவரும் பார்த்த மாத்திரத்தில் சொல்வார். அறிக்கையில் கொங்கிறீட் தட்டு என்றிருக்கிறது. வேறு எவருடையதோ எரிந்த வீட்டின் அறிக்கையில் முகவரியை மட்டும் மாற்றி, 150,000 ரூபாய்க்கு எங்களிடம் தந்திருக்கிறார்கள். தொலைபேசியில் கேட்டேன். "தட்டச்சுப் பிழை அக்கா." ஒரு மாடி முழுவதும் தட்டச்சுப் பிழையாம். அதன் பிறகு அந்த எண்ணிலிருந்து பதில் வருவது நின்றுவிட்டது.

பின்னர் உறவினர் ஒருவர் மூலமாக ஒரு பட்டயப் பொறியியலாளரை வரவழைத்தோம். அவர் சுத்தியலோடு வந்தார். ஒவ்வொரு விட்டமாகத் தட்டிப் பார்த்தார், ஓரிடத்தில் பூச்சைப் பெயர்த்துக் கம்பியைப் பார்த்தார், எங்கள் கண்முன்னே குறிப்பெழுதினார். முன் மண்டபச் சுவர்களை வைத்துக்கொள்ளலாம், குசினியையும் நடு அறையையும் இடித்துவிட வேண்டும் என்பது அவருடைய முடிவு. அவர் வாங்கிய கட்டணம் அவர்கள் பிடுங்கியதில் ஒரு சிறு பங்கு. அவர் சொல்லித்தான் இன்னொன்றும் தெரிந்தது: இப்படியான வீட்டை வாங்குபவர் பெரும்பாலும் காணியின் விலையைப் பார்த்து, இடித்து அகற்றும் செலவைக் கழித்துத்தான் விலை பேசுவார். விலை பேசுவதற்கே விற்பவர் இவ்வளவு பணம் கட்ட வேண்டும் என்று எந்த வழக்கமும் இல்லை.

கதவுகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வாங்குபவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று திறப்பு ஒன்றை வாங்கி வைத்திருந்தார்கள். முன் மண்டபத்து இரட்டைக் கதவு முதிரை மரம். அப்பா கந்தளாய்ப் பக்கத்திலிருந்து மரம் எடுத்து, தச்சரைப் பக்கத்தில் வைத்துச் செய்வித்தது. புகை படிந்திருந்ததே தவிர ஒரு கீறலும் இல்லை. அன்றைக்குப் பொறியியலாளரோடு போனபோது அந்தக் கதவும் இல்லை, இரண்டு யன்னல்களும் இல்லை. கூரைக்குமேல் நாங்கள் கட்டியிருந்த படங்கும் இல்லை. அடுத்த வீட்டு மாமி, "உங்கள் ஆட்கள்தானே பிள்ளை, துப்புரவு செய்ய என்று சொல்லி லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்" என்றார். எரிகிற வீட்டில் பிடுங்கிய மட்டும் இலாபம் என்பார்கள், இவர்கள் எரிந்து அணைந்த வீட்டையும் விடவில்லை. இப்போது ஐப்பசி மழை தொடங்கிவிட்டது. படங்கு இல்லாத கூரைக்குள்ளால் தப்பிய மண்டபத்துக்குள்ளும் தண்ணீர் இறங்குகிறது. இந்த நட்டத்தை நான் அந்த நான்கு இலட்சத்து எண்பத்தையாயிரத்தோடு சேர்க்கவே இல்லை.

பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று கடைசியாக நேரில் கேட்டபோது, வாங்குபவர் மனம் மாறிவிட்டார், நாங்கள் எங்கள் வேலையைச் செய்துவிட்டோம் என்றார்கள். பற்றுச்சீட்டுகளை எடுத்துக் காட்டினேன். எல்லாவற்றிலும் "சேவைக் கட்டணம்" என்று மட்டும் எழுதியிருக்கிறது. முத்திரைத் தீர்வை என்றோ அறிக்கை என்றோ ஒரு சொல் இல்லை. பின்பக்கத்தில் பொடி எழுத்தில், மீளளிக்கப்படாது. "எங்கே வேண்டுமானாலும் போய்ச் சொல்லுங்கள்" என்றார் அந்த வெள்ளைச் சேர்ட்காரர். அக்கா என்று அப்போது கூப்பிடவில்லை.

எரிந்த வீட்டை எப்படி விற்பது என்று விளக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது அதற்குப் பொறுமையும் இல்லை, நேரமும் இல்லை. அவசரமாகச் சிலது. விற்பதற்காக எவருக்கும் முற்பணம் கட்டாதீர்கள். தரகுப் பணம் உறுதி முடிந்த பிறகு. நொத்தாரிசை நீங்களே தெரிவு செய்யுங்கள், அவருடைய இடத்துக்கு நீங்களே போங்கள். காணிப் பதிவகப் பிரதியை நீங்களே விண்ணப்பித்து எடுக்கலாம், அதற்கு இடையில் ஆள் தேவையில்லை. பொறியியலாளர் நீங்கள் நிற்கும்போது வந்து பார்க்காவிட்டால் அது அறிக்கை இல்லை. பற்றுச்சீட்டில் எதற்கான பணம் என்று எழுதாவிட்டால் கொடுக்காதீர்கள். திறப்பைக் கொடுக்காதீர்கள். கொடுக்கத்தான் வேண்டுமென்றால் கதவு, யன்னல், கிணற்று மோட்டார் எல்லாவற்றையும் முதலில் படம் எடுத்து வையுங்கள். உடைந்த அஸ்பெஸ்டஸ் துண்டுகளைக் காய்ந்தபடி கூட்டாதீர்கள், தண்ணீர் தெளித்துவிட்டு அள்ளுங்கள். அந்தத் தூசி நெஞ்சுக்குக் கேடு.

நாளைக் காலையில் பொலிஸுக்குப் போகிறேன். ஏமாற்றுதல் தண்டனைச் சட்டக்கோவையின் 400ஆம் பிரிவின்படி குற்றம் என்று எங்கள் நொத்தாரிசு சொல்லியிருக்கிறார். நுகர்வோர் விவகார அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கும் அறிவிக்கப் போகிறேன். உவர்மலையிலோ, அலஸ்தோட்டத்திலோ, சாம்பல்தீவிலோ, இதே போல "சேவைக் கட்டணம்" என்று மட்டும் எழுதிய பற்றுச்சீட்டு எவரிடமாவது இருந்தால் எறிந்துவிடாதீர்கள். இரு பக்கமும் பிரதி எடுத்துக்கொண்டு நீங்களும் முறைப்பாடு கொடுங்கள். மேல்மாடியும் படிக்கட்டும் உள்ள வீடு எரிந்து, அந்த அறிக்கைக்கு உரியவராக நீங்கள் இருந்தால், உங்கள் அறிக்கையின் இரண்டாம் பக்கம் என்னிடம் இருக்கிறது. தயவுசெய்து என்னைத் தொடர்புகொள்ளுங்கள்.