போர்டு போச்சு என்று சொன்னால் போர்டைக் கழற்றிக் கொடுத்துவிடாதீர்கள்

மடிப்பாக்கத்தில் இருக்கும் என் அம்மாவிடம் வாஷிங் மெஷின் ரிப்பேர் என்று சொல்லி 6,850 ரூபாய் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். மெஷினில் இருந்த கோளாறு, சேலைக்குக் குத்தும் ஒரு ஊக்கு. அந்தப் பக்கம் இருப்பவர்கள் கொஞ்சம் நேரம் ஒதுக்கி இதைப் படித்துவிடுங்கள். வீட்டில் வயதானவர்கள் தனியாக இருந்தால் அவர்களிடமும் சொல்லி வையுங்கள்.

நாலு வருஷமாக ஓடும் ஃப்ரண்ட் லோட் மெஷின். ஒரு சனிக்கிழமை துவைத்து முடித்ததும் தண்ணீர் இறங்காமல் டிரம்முக்குள்ளேயே நின்றுவிட்டது. கதவும் திறக்கவில்லை. கீழே 'உம்ம்' என்று ஒரு சத்தம் மட்டும் வருகிறது என்று அம்மா போனில் சொன்னார். நான் பெங்களூரில் இருக்கிறேன். கம்பெனி பெயரையும் ஏரியா பெயரையும் போட்டுத் தேடினேன். மேலே வந்த முதல் எண்ணை அம்மாவுக்கு அனுப்பினேன். "கம்பெனி சர்வீஸ் சென்டர்தானே?" என்று கேட்டதற்கு, "ஆமாம்மா, ஆதரைஸ்டு" என்றார்களாம்.

இரண்டு மணி நேரத்தில் ஆள் வந்துவிட்டார். மெஷினை முன்னால் இழுத்துச் சாய்த்துத் தண்ணீரை வடித்தார், மேல்மூடியைக் கழற்றினார். "மதர்போர்டும்மா, கருகிடுச்சு பாருங்க" என்று மெஷினை இயக்கும் எலக்ட்ரானிக் பலகையைக் காட்டிச் சொல்லி, படம் எடுத்து எனக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். படத்தில் பழுப்பாக ஏதோ தெரிந்தது, நானும் நம்பினேன். வந்து பார்த்ததற்கு 450, அட்வான்ஸ் 3,000. அதுவும் கம்பெனிக் கணக்குக்கு இல்லை, ஒரு தனி ஆளின் ஜிபே எண்ணுக்கு. போர்டைப் பையில் போட்டுக்கொண்டு போனவர் ஒன்பது நாள் கழித்துத்தான் வந்தார். முட்டிவலியோடு அம்மா அந்த ஒன்பது நாளும் பெட்ஷீட் முதல் எல்லாவற்றையும் கையாலேயே துவைத்திருக்கிறார். எனக்கு இன்னும் ஆறாதது அதுதான்.

"புது போர்டு" போட்டு மீதி 3,400 வாங்கிக்கொண்டு ஒரு துண்டுச்சீட்டு கொடுத்தார். அதில் கடைப் பெயரும் இல்லை, ஜிஎஸ்டி எண்ணும் இல்லை. நாலு நாள் ஓடியது. ஐந்தாம் நாள் அதே நிலைமை, அதே 'உம்ம்'. போன் செய்தால், "இப்போ பம்ப்பு போயிருக்கும்மா, இன்னொரு 2,800 ஆகும்" என்கிறார்.

அந்த வாரம் நான் ஊருக்குப் போனேன். கீழ்க்கட்டளையில் மிக்ஸி, கிரைண்டர் எல்லாம் சரி செய்யும் அண்ணன் ஒருவரை அழைத்து வந்தேன். அவர் ஸ்க்ரூடிரைவரைக்கூட எடுக்கவில்லை. "சத்தம் வருதாம்மா?" என்று அம்மாவிடம் கேட்டார். வருகிறது என்றதும், "அப்போ தண்ணியை வெளியேத்துற பம்ப்புக்குக் கரண்ட் வருது. கரண்ட் கொடுக்கிறதே போர்டுதான். போர்டு எப்படிப் போயிருக்கும்?" என்றார்.

மெஷினின் முன்புறம் கீழ் ஓரத்தில் ஒரு சின்னக் கதவு இருக்கிறது. நாலு வருஷத்தில் நாங்கள் அதைத் திறந்ததே இல்லை. ஒரு பழைய தாம்பாளத்தைக் கீழே வைத்து, உள்ளே இருந்த சின்ன டியூபின் மூடியை எடுத்தார். சாக்கடை நாற்றத்தோடு கறுப்புத் தண்ணீர் வந்தது, ஐந்தாறு தாம்பாளம் கொட்டினோம். அப்புறம் ஃபில்டரைத் திருகி இழுத்தார். தலைமுடியும் நூலும் கம்பளி மாதிரி திரண்டு வந்தன, நடுவில் ஓர் ஒரு ரூபாய்க் காசு. ஃபில்டர் இருந்த குழிக்குள் டார்ச் அடித்துக் காட்டினார். பம்ப்பின் சின்ன விசிறியில், வாய் திறந்த ஊக்கு ஒன்று குறுக்கே மாட்டிக்கொண்டு நின்றது. அதை எடுத்துவிட்டு என் விரலாலேயே விசிறியைச் சுற்றிப் பார்க்கச் சொன்னார். உள்ளே காந்தம் இருப்பதால் அது வழுக்கிக்கொண்டு சுற்றாமல் கடக், கடக் என்று விட்டுவிட்டு நகர்கிறது. அப்படி நகர்ந்தால் அது நல்ல பம்ப்பு. மொத்தம் இருபது நிமிஷம், 300 ரூபாய்.

முதல் ஆள் மெஷினைச் சாய்த்தபோது ஊக்கு கொஞ்சம் விலகியிருக்க வேண்டும், அதனால்தான் நாலு நாள் ஓடியது.

மேல்மூடியையும் திறக்கச் சொன்னேன். "புது போர்டின்" பார்கோடு ஸ்டிக்கரையும், அந்த ஆள் எனக்கு அனுப்பிய படத்தில் இருந்த ஸ்டிக்கரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே எண்கள், கிழிந்திருந்த வலது மூலையும் அதே. போர்டு மாற்றப்படவே இல்லை. கருகல் என்று காட்டியது, போர்டில் இருக்கும் கெபாசிட்டர் என்ற சின்னப் பாகங்கள் ஆடாமல் இருக்கக் கம்பெனியிலேயே ஊற்றும் பழுப்புப் பசை.

உங்கள் வீட்டு ஃப்ரண்ட் லோட் மெஷினிலும் தண்ணீர் இறங்கவில்லை என்றால், யாரையும் கூப்பிடும் முன் இதைச் செய்துவிடுங்கள். முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். சுடுதண்ணீரில் துவைத்திருந்தால் ஆறும்வரை பொறுங்கள். தண்ணீரை வடித்தபின் ஃபில்டரைக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் திருகினால் வந்துவிடும். தண்ணீர் வெளியேறாவிட்டால் ஸ்பின்னும் ஆகாது, கதவும் திறக்காது. அதைப் பார்த்துவிட்டு மோட்டார் போச்சு, லாக் போச்சு என்று தனித்தனியாகப் பணம் கேட்பார்கள். டாப் லோடில் இந்தக் கதவு பெரும்பாலும் இருக்காது, டிரம்முக்குள் பஞ்சு பிடிக்கும் பைதான் இருக்கும்.

இதுவே தண்ணீர் உள்ளே வரவில்லை என்றால், பைப்பை மூடிவிட்டு மெஷினின் பின்பக்கம் ஹோஸைக் கழற்றிப் பாருங்கள். வாயில் சின்ன வலை ஒன்று இருக்கும். போர் தண்ணீர், டேங்கர் தண்ணீர் வரும் வீடுகளில் அது மண்ணாலும் உப்பாலும் அடைத்துக்கொள்ளும். பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தால் போதும்.

போர்டு நிஜமாகவே பழுதாவதும் உண்டுதான். ஆனால் உங்கள் கண்முன் சோதிக்காமல் அதை வீட்டை விட்டு வெளியே கொடுக்காதீர்கள். கொடுத்தே ஆகவேண்டும் என்றால் ஸ்டிக்கர் எண் தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள், மாற்றிய பழைய போர்டைக் கேட்டு வாங்குங்கள். கம்பெனியின் எண்ணை வாரண்டி கார்டிலிருந்தோ கம்பெனியின் சொந்த இணையதளத்திலிருந்தோ மட்டும் எடுங்கள். நான் பிறகு வாரண்டி கார்டில் இருந்த எண்ணுக்குப் பேசினேன். எங்கள் பெயரில் புகார் எதுவும் பதிவாகவே இல்லை என்றார்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் சொல்லியிருக்கிறேன். பணம் வாங்கிய ஜிபே எண், வாட்ஸ்அப் படம், துண்டுச்சீட்டு எல்லாம் கையில் இருக்கின்றன. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், நாம் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் எதிர்த்தரப்பின் பெயரும் முகவரியும் வேண்டும், எங்களிடம் இருப்பது ஒரு போன் நம்பர்தான். அதனால் பணம் கொடுக்கும் முன்பே அச்சடித்த பில்லைக் கேளுங்கள்.

நேற்று அந்த எண்ணை மறுபடி தேடினேன். இப்போது அதே எண் வேறொரு கம்பெனியின் சர்வீஸ் சென்டர் என்று வருகிறது, ஏரியா மேடவாக்கம் என்று போட்டிருக்கிறது.