விமானமா, பம்பளிமாஸா, ஒளியா? வானத்துத் தூரம் மனதில் பதிய எது உதவும்?

சூரியன் இங்கிருந்து சுமார் 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. படித்ததும் தலையாட்டிவிடுகிறோம். 150 கோடி என்று அச்சாகியிருந்தாலும் அப்படித்தான் ஆட்டியிருப்போம். எண் பெரிது என்று மட்டும் புரிகிறது, எவ்வளவு பெரிது என்பது புரிவதில்லை. பாடப்புத்தகப் படமோ எல்லாக் கோள்களையும் ஒரே பக்கத்தில் நெருக்கி உட்கார வைத்து இன்னும் குழப்புகிறது.

இதைப் புரியவைக்க மூன்று வழிகள் உண்டு. முதலாவது, பயணக் கணக்கு. மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் ஒரு விமானம் நிற்காமல் பறந்தால் நிலவுக்கு 18 நாள், சூரியனுக்கு 19 வருடம். இதுவரை நன்றாகவே இருக்கிறது. 19 வருடம் என்றால் ஒரு பிள்ளை பிறந்து கல்லூரிக்குப் போகும் காலம். ஆனால் சூரியனுக்கு அடுத்து நமக்கு மிக அருகிலுள்ள விண்மீனான பிராக்ஸிமா சென்டாரிக்கு 50 லட்சம் வருடம் ஆகும். மறுபடியும் தலையாட்டத்தான் வேண்டியிருக்கிறது.

இரண்டாவது, அளவு மாதிரி. எனக்கு மிகப் பிடித்தது இதுதான். ஒரு லட்சம் கிலோமீட்டரை ஒரு சென்டிமீட்டராகச் சுருக்குங்கள். சூரியன் 14 செ.மீ. அகலமுள்ள ஒரு பம்பளிமாஸ் பழம். பூமி ஒரு கடுகு. பழத்தைத் திண்ணையில் வைத்துவிட்டு, கடுகோடு தெருவில் 15 மீட்டர், அதாவது இருபது எட்டு நடக்க வேண்டும். எங்கள் தெருவில் மகளோடு இதைச் செய்து பார்த்தேன். இருபதாவது எட்டில் நின்று திரும்பிப் பார்த்தபோது பழம் முழுநிலவு அளவுக்குத் தெரிந்தது. வானத்தில் சூரியனும் நிலவும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் தெரிகின்றன. ஆக, நிஜச் சூரியன் நம் கண்ணுக்கு எவ்வளவு பெரிதோ, கடுகிலிருந்து பழமும் அவ்வளவே. அளவு சரியாக இருக்கிறது என்பதை அங்கேயே, கண்ணாலேயே சரிபார்த்துக்கொள்ளலாம்.

நிலவு? கடுகிலிருந்து நான்கு சென்டிமீட்டர், இரண்டு விரல் அகலம். மனிதர்கள் நேரில் போய்வந்த தூரம் அவ்வளவுதான். வியாழன் 78 மீட்டரில் ஒரு கோலிக்குண்டு. நெப்டியூன் 450 மீட்டரில் ஒரு மிளகு. நடுவில் எல்லாம் வெறும் தெரு. அப்புறம் பிராக்ஸிமா: 4,000 கிலோமீட்டர். தெற்கிலிருந்து வடக்காக இந்தியாவின் நீளமே 3,214 கி.மீ.தான். அமெரிக்காவின் இத்தாக்கா நகரில் வானியலாளர் கார்ல் சேகன் நினைவாக இதைப் போல இரு மடங்கு பெரிய மாதிரி ஒன்று இருக்கிறது. அதில், பிராக்ஸிமா சேர்ந்திருக்கும் ஆல்ஃபா சென்டாரி விண்மீன் தொகுதிக்கான இடம் ஹவாய்த் தீவில்!

ஆனால் இந்த வழியும் ஓரிடத்தில் கைவிட்டுவிடும். இதே அளவில் நம் பால்வழி மண்டலத்தின் அகலம் 9 கோடி கிலோமீட்டரைத் தாண்டுகிறது. மாதிரிக்கே இன்னொரு மாதிரி தேவைப்படுகிறது.

அங்கே ஒளிதான் துணை. ‘ஒளி ஆண்டு’ என்றதும் அது காலம் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். ஒளி ஓராண்டில் கடக்கும் தூரம் அது. வெறுமையின் அகலத்தை ஒளிக் கணக்கு கண்ணில் காட்டாது. ஆனால் வேறு எந்த வழியும் தராத ஒன்றைத் தரும்: தூரம் என்பது பழைய காலமும்கூட. 2012 ஆகஸ்டில் கியூரியாசிட்டி ஊர்தி செவ்வாயில் இறங்கியபோது சிக்னல் இங்கே வர 14 நிமிடம் ஆனது. இறங்க எடுத்ததோ ஏழே நிமிடம். வளிமண்டலத்தில் நுழைந்துவிட்டது என்ற செய்தி பூமிக்கு வந்தபோது, ஊர்தி தரையைத் தொட்டே ஏழு நிமிடம் ஆகியிருந்தது. சுவாதி நட்சத்திரம் 37 ஒளி ஆண்டு, ரோகிணி 65. உங்களுக்கு 37 வயது என்றால், இன்று சுவாதியிலிருந்து கண்ணில் விழும் ஒளி நீங்கள் பிறந்த வாக்கில் அங்கிருந்து கிளம்பியது.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? விமானத்தை நிலவோடு நிறுத்திக்கொள்ளலாம். சூரியக் குடும்பத்துக்குப் பழமும் கடுகும். அதற்கு அப்பால் ஒளி. இரண்டையும் சேர்த்தால் இன்னும் நல்லது. அந்தத் தெரு மாதிரியில் ஒளியின் வேகம் நொடிக்கு மூன்று சென்டிமீட்டர், எறும்பு ஊர்வது போல. பழத்திலிருந்து கிளம்பும் எறும்பு கடுகை அடைய எட்டு நிமிடம் இருபது நொடி ஆகும். மிளகை அடைய நான்கு மணி நேரத்துக்கு மேல். அதன்பின் 4,000 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பிராக்ஸிமாவுக்கு, இரவு பகலாக ஊர்ந்தாலும், நான்கே கால் வருடம்.